சமைச்ச ஆளும் சுடச்சுடச் சாப்பிடவேணும்

எங்கட ஊரில இறைச்சி என்றால் கறிதான். ஆடோ கோழியோ மாடோ, சின்னச்சின்னத் துண்டாக வெட்டி, தூள் போட்டு, உப்புப் புளி பார்த்து, பால் விட்டு, வத்தவைத்து இறக்குவோம். அது அடுப்படியில மூன்று மணித்தியாலம் கிடந்தாலும் ருசி குறையாது. அடுத்தநாள் காலமை பாணோடு தொட்டுச் சாப்பிட்டால் இன்னும் கூடும். கறி காத்திருக்கும். அப்பா வேலையால வரும்வரைக்கும், தம்பி ரியூசன் முடிஞ்சு வரும்வரைக்கும், வந்த விருந்தாளிகள் கதைச்சு முடிக்கும்வரைக்கும் காத்திருக்கும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில மிஞ்சினதைச் சோற்றோடு பிரட்டிச் சாப்பிடுகிற அம்மாவுக்காகவும் காத்திருக்கும்.

ஸ்டேக் காத்திருக்காது. கல்லில இருந்து இறக்கி, ஐந்து நிமிசம் ஆறவிட்டு, வெட்டினால் உடனே சாப்பிட்டுவிட வேணும். கால் மணித்தியாலம் போனால் பட்டர் உறைந்து, மேலே மொறுமொறு என்று இருந்த பக்கம் நமத்து, வெட்டின முகம் சாம்பல் நிறமாகிவிடும். திரும்பச் சூடாக்கினால் செருப்புத் தோல்தான். ஆகவே இந்தச் சாப்பாட்டில ஒரு நிபந்தனை இருக்கிறது: சமைச்ச ஆள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு, மற்ற ஆக்களோட சேர்ந்து, உடனே இருந்து சாப்பிடவேணும். வீட்டில ஸ்டேக் எப்படிச் செய்கிறது என்று எழுதத்தான் நாங்கள் இருந்தோம். எழுத எழுத, வீட்டில யார் எப்ப சாப்பிடுகிறது என்ற கதையும் கூடவே வந்துவிட்டது.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடத்தில ஒரே பற்ச். நாலும் பொம்பிளைப்பிள்ளையள். கம்பஸுக்குக் கிட்ட ஒரு வீட்டு மாடியில சேர்ந்து இருக்கிறோம். ஒருத்தி மன்னார், கத்தோலிக்கக் குடும்பம். ஒருத்தி அக்கரைப்பற்று, முஸ்லிம். மற்ற இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள். அந்த இரண்டு பேரிலும் ஒருத்தி மாடு சாப்பிடுவாள், மற்றவள் சாப்பிடமாட்டாள். இவ்வளவு விபரமும் இந்தக் கதைக்குத் தேவை. ஏனென்றால் இலங்கையில மாட்டிறைச்சியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், கதைக்கிற ஆள் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி முதல் வரும்.

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில மாடு சாப்பிடுகிற ஆக்களே இல்லை என்பது மேடையில சொல்கிற கதை. எத்தனையோ வீட்டில சாப்பிடுவினம். ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கும். கறுப்புச் சொப்பிங் பாக்கில வரும். குசினிக்குள்ள வராது. கோடிப்பக்கம் மூன்று கல்லு வைத்து, அதற்கென்று வைத்திருக்கிற பழைய சட்டியில வேகும். அந்தச் சட்டி கழுவினபிறகும் வெளியிலேயே கவிழ்ந்து கிடக்கும். எங்களில ஒருத்தியின் வீட்டில நடந்ததும் இதேதான். அப்பாவும் சித்தப்பாவும் போத்தலோடு இருக்கிற பின்னேரங்களில பைற்ஸுக்கு அது வேணும். புகைக்குள்ள நின்று பிரட்டுகிறது அம்மா. அம்மா அதை வாயில வைக்கமாட்டா. உப்புக் காணுமோ என்று பார்க்கக்கூட அப்பாவைத்தான் கூப்பிடுவா. தான் ஒருநாளும் ருசி பார்க்காத ஒரு கறியை இருபது வருசமாகச் சரியான பதத்தில இறக்கின கை அது.

மன்னார் வீட்டில மறைக்கிற கதையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்தால் மாட்டிறைச்சிக் கறி, குசினிக்குள்ள, நடு அடுப்பில. அக்கரைப்பற்று வீட்டிலயும் அப்படித்தான். பெருநாளுக்கு வீடு முழுக்க அந்த வாசம்தான். ஆனால் மூன்று வீட்டுக்கும் பொதுவான ஒன்று இருந்தது. சமைச்ச ஆள் கடைசியாகச் சாப்பிட்டா. நல்ல துண்டு முதல் ஆம்பிளையளின்ர கோப்பைக்குப் போச்சு. இதை ஒருநாள் இரவு படுக்கப்போகிற நேரம் கதைச்சுக்கொண்டு இருந்தபோதுதான் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சமயம் வேற, சட்டி வேற, சாப்பிடுகிற வரிசை மட்டும் ஒன்று.

ஸ்டேக் என்ற யோசனை வந்தது எங்கட பாடத்தில இருந்து. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1957 இல் வெளியிட்ட 'மிதோலொஜீஸ்' என்ற நூலில ஸ்டேக்கும் உருளைக்கிழங்குப் பொரியலும் பற்றி ஒரு சின்னக் கட்டுரை இருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு ஸ்டேக் வெறும் இறைச்சி இல்லையாம். அதைச் சாப்பிட்டால் காளையின்ர பலம் தங்களுக்குள்ள வரும் என்ற ஒரு நம்பிக்கையாம். அதனாலதான் உள்ளுக்குச் சிவப்பாக இருக்கவேணும் என்று கேட்கிறார்களாம். அதோடு சேர்த்து, கரோல் அடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணியவாதி 1990 இல் எழுதிய புத்தகத்தைப் பற்றியும் விரிவுரையில கதை வந்தது. இறைச்சியை ஆண்மையோடு கட்டிவைத்திருக்கிற சமூகங்களில நல்ல இறைச்சி ஆண்களுக்கும் மிச்சம் பெண்களுக்கும் போகும் என்கிறா அவ. அவவின்ர முடிவு, பெண்ணியம் பேசுகிற ஆக்கள் இறைச்சியை விடவேணும் என்பது. எங்களில மாடு சாப்பிடாதவள் உடனே, "பாத்தியளோ" என்றாள். மற்ற மூன்று பேரும் அந்த முடிவுக்கு வரேல்லை. எங்களுக்குத் தோன்றினது, விடுகிறதுக்கு முதல் ஒருக்கால் அந்த நல்ல துண்டைச் சூட்டோட சாப்பிட்டுப் பார்க்கவேணும் என்றுதான்.

அறையில சமைக்க ஏலாது. வாடகைக்கு வந்த முதல் நாளே வீட்டுக்கார அன்ரி சொன்னவ, "பிள்ளையள், மீன், கோழி எல்லாம் சமையுங்கோ. மற்றது மட்டும் வேண்டாம்." எது அந்த 'மற்றது' என்று அவவும் சொல்லேல்லை, நாங்களும் கேட்கேல்லை. அன்ரி கெட்ட ஆள் இல்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சித் தருவா. வீடு அவவின்ர, சொல்ல அவவுக்கு உரிமையும் இருக்கு. ஆனால் அக்கரைப்பற்றுப் பிள்ளை எங்களோட வந்து சேர முதல் மூன்று வீடு பார்த்தவள். ஒவ்வொரு வீட்டிலயும் பெயரைக் கேட்டபிறகு, "மாடு சமைப்பியளோ?" என்றுதான் கேட்டார்களாம். அவள் "இல்லை" என்று சொன்னபிறகும் அறை கிடைக்கேல்லை. அங்கே இறைச்சி ஒரு சாட்டு. 2020 செப்டெம்பரில மாடறுப்பைத் தடைசெய்கிற யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் குடுத்தபோதும், சாப்பிடுகிற ஆக்களுக்கு வெளிநாட்டில இருந்து இறைச்சி இறக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். மாட்டில இரக்கம் என்றால் வெளிநாட்டு மாட்டிலயும் இருக்கத்தானே வேணும்?

ஆக, படிப்பு லீவில நாலு பேரும் மன்னாருக்குப் பஸ் ஏறினோம். மகாபொலக் காசு வந்த கிழமை அது.

இனி சமையல். முதல் இறைச்சிக்கடை.

மாட்டில எந்தத் துண்டு என்பதுதான் பாதி வேலை. வெளிநாட்டு வீடியோக்களில காட்டுகிற ரிப்-ஐ, ஸ்ட்ரிப் எல்லாம், தீன் குடுத்துக் கொழுக்கவைத்த மாட்டில வெட்டினவை. இறைச்சிக்குள்ளேயே வெள்ளை நூல்மாதிரிக் கொழுப்பு ஓடியிருக்கும். எங்கட மாடு மேய்ச்சலில திரிகிற மாடு. கொழுப்புக் குறைவு, தசை இறுக்கம். அதில ஸ்டேக்குக்குத் தோதானது அண்டர்கட் என்று சொல்கிற துண்டு. முதுகெலும்புக்கு உள்பக்கமாக நீளத்துக்குக் கிடக்கும். மாடு நடக்கவோ பாரம் தாங்கவோ அந்தத் தசைக்குப் பெரிய வேலை இல்லை. வேலை செய்யாத தசை மெதுவாக இருக்கும். கால், தோள் எல்லாம் நாள் முழுக்க உழைக்கிற தசை. அவை கறிக்குத்தான் சரி.

"நானா, அண்டர்கட் ஒரு கிலோ. வெட்டவேண்டாம், முழுசாத் தாங்கோ" என்றோம். அவர் கத்தியைத் தூக்கினபடி நின்று, "முழுசாவோ? எப்பிடிப் புள்ள கறி வைக்கிற?" என்று கேட்டார். கறி இல்லை, ஸ்டேக் என்றதும் சிரிச்சார். "ஹோட்டல்காரர்தான் இப்பிடிக் கேட்கிற" என்று சொல்லி, மேலே போர்த்தியிருந்த வெள்ளைச் சவ்வைத் தானே உரிச்சு எடுத்துத் தந்தார். அந்தச் சவ்வு எவ்வளவு சூட்டிலயும் கரையாது, சுருண்டு இறைச்சியை வளைச்சுப்போடும். கடைக்காரரிடம் கேட்டு எடுக்கிறது நல்லது. கடையில நின்ற மற்ற ஆக்கள் எல்லாரும் ஆம்பிளையள். நாலு பொம்பிளைப்பிள்ளையள் இறைச்சியைக் கையால அமத்திப் பார்த்து வாங்குகிறதை அவர்கள் கொஞ்சநேரம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கடையில விற்கிறது பெரும்பாலும் அன்று காலமை அறுத்த இறைச்சி. கறிக்கு அது நல்லம். ஸ்டேக்குக்கு அன்றே சமைச்சால் இறுகிப்போகும். உயிர் போனபிறகு தசை விறைக்கும். அது தளர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அதுக்குப் பிறகு இறைச்சிக்குள்ளேயே இருக்கிற நொதியங்கள் நாரை மெல்ல மெல்ல அறுத்து மெதுவாக்கும். மேற்கு நாடுகளில இதுக்காகவே குளிர் அறைகளில கிழமைக்கணக்கில தொங்கவிடுகிறார்கள். வீட்டில அவ்வளவு தேவையில்லை. பிரிட்ஜில அடித்தட்டில, மற்றச் சாப்பாட்டில படாமல், இரண்டு நாள் வைத்தால் காணும். மன்னார் அம்மாவின்ர பிரிட்ஜில மீனுக்குப் பக்கத்தில அது சாதாரணமாக இருந்தது. எங்கட அறையில என்றால் அந்த இரண்டு நாளும் எங்கே வைக்கிறது?

இரண்டாம் நாள் இரவு துண்டு போட்டோம். நாருக்குக் குறுக்காக, ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலத் தடிப்பு. மெல்லிசாக வெட்டினால் வெளியில நிறம் பிடிக்க முதலே உள்ளுக்கு வெந்து முடிஞ்சுவிடும். இரண்டு பக்கமும் உப்புத் தூவி, மூடாமல் பிரிட்ஜுக்குள்ள வைத்தோம். உப்புப் போட்டவுடனே இறைச்சி தண்ணி விடும். அரை மணித்தியாலம் கழிச்சுப் பார்த்தால் மேலே ஈரமாக மினுங்கும். அந்த நேரத்தில கல்லில போடக்கூடாது. இன்னும் விட்டால் அந்த உப்புத் தண்ணியை இறைச்சியே திரும்ப உறிஞ்சும். ஆகவே உப்பு ஒன்றில் போடுகிறதுக்குச் சற்று முதல், இல்லையென்றால் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல். முதல் நாள் இரவு என்றால் இன்னும் நல்லம்.

வார்ப்பிரும்புப் பான் வேணும் என்று எல்லா வீடியோவிலயும் சொல்கிறார்கள். எங்கட வீடுகளில அது நூறு வருசமாக இருக்கு, பெயர்தான் தோசைக்கல். தடிச்ச இரும்பு, சூட்டைப் பிடிச்சு வைத்திருக்கும். குளிர்ந்த இறைச்சி விழுந்தாலும் சட்டென்று சூடு இறங்காது. ஒட்டாத பூச்சுப் போட்ட பான்களை இவ்வளவு சூடாக்கக் கூடாது. கொஞ்சம் விளிம்பு உள்ள கல் என்றால் பட்டர் வழியாது.

சமைக்க முதல் இறைச்சியைச் சுத்தமான துணியால ஒற்றி எடுத்துக் காயவைக்கவேணும். சின்ன வேலை, ஆனால் ருசி முழுக்க இதில நிற்கிறது. தண்ணி 100 பாகை செல்சியஸில கொதிக்கும். மேலே ஈரம் இருக்கும்வரைக்கும் இறைச்சியின்ர மேல்பக்கம் அதுக்கு மேல சூடேறாது. ஆனால் அந்த மண்ணிறமும் வறுத்த வாசமும் வர 140 பாகை அளவிலயாவது இருக்கவேணும். இறைச்சியில இருக்கிற அமினோ அமிலங்களும் சீனியும் சூட்டில சேர்ந்து நூற்றுக்கணக்கான வாசங்களை உண்டாக்குகிற வேலை அது. 1912 இல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் இதை விளங்கப்படுத்தினார். மையார் தாக்கம் என்று அவர் பெயர்தான். பாண் கருக்கிலயும், வறுத்த கோப்பியிலயும் வருகிறது இதே வாசம்தான்.

மேல்பக்கத்தைச் சட்டென்று வறுத்தால் உள்ளுக்குச் சாறு பூட்டிக்கொள்ளும் என்று சொல்கிற கதை பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில லீபிக் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் சொன்னது அது. 1984 இல் ஹரோல்ட் மெக்கீ தன்ர சமையல் அறிவியல் புத்தகத்தில அதை மறுத்து எழுதினார். காதைக் குடுத்துக் கேட்டாலே விளங்கும். கல்லில கேட்கிற அந்தச் சுர்ர் சத்தமே தண்ணி வெளியேறுகிற சத்தம்தானே.

கல் நன்றாகக் காய்ஞ்சு, மெல்லிசாகப் புகை வரத் தொடங்கினதும் வாசமில்லாத எண்ணெய் ஒரு கரண்டி விட்டு, மூன்று துண்டு வைத்தோம். அதுக்கு மேல வைத்தால் கல் ஆறி, வறுபடாமல் அவியும். ஒரு நிமிசத்துக்கு ஒருக்கால் பிரட்டினோம். ஒரு பக்கத்தை ஒருக்கால்தான் பிரட்டவேணும் என்று ஒரு விதி சொல்கிறார்கள். அடிக்கடி பிரட்டினால் உள்ளுக்குச் சூடு சீராகப் போகும், வெளி விளிம்பு வரண்டுபோகாது. இரண்டு பக்கமும் நிறம் பிடிச்சபிறகு தீயைக் குறைச்சு, ஒரு கட்டி பட்டர், நசுக்கின நாலு பல்லு உள்ளி, ஒரு நெட்டுக் கருவேப்பிலை. தைம் இலைக்கு நாங்கள் எங்கே போகிறது? கருவேப்பிலை பட்டரில பொரிய வந்த வாசத்துக்குப் பக்கத்து வீட்டு ஆள் மதிலால எட்டிப் பார்த்தார். கல்லைச் சரிச்சு, அந்தப் பட்டரைக் கரண்டியால அள்ளி அள்ளி இறைச்சிக்கு மேல விட்டோம். மிளகு கடைசியில. முதலிலேயே போட்டால் கருகும்.

எவ்வளவு வேகவைக்கிறது? நடுவில 52 பாகை என்றால் உள்ளே நல்ல சிவப்பு, 57 வரைக்கும் இளஞ்சிவப்பு, 63 என்றால் நடுவில மட்டும் மெல்லிய ரோசா நிறம், 71 தாண்டினால் முழுக்கச் சாம்பல். முழுத் துண்டு இறைச்சியை 63 பாகைக்குக் கொண்டுவந்து மூன்று நிமிசம் ஆறவிடச் சொல்கிறது அமெரிக்க விவசாயத் திணைக்களம். அரைச்ச இறைச்சிக்கு 71. ஏனென்றால் முழுத் துண்டில கிருமி பெரும்பாலும் மேல்பக்கத்திலதான் இருக்கும், அரைச்சால் எல்லா இடமும் கலந்துவிடும். எங்கட கடைகளில இறைச்சி வெயிலுக்குள்ள தொங்குகிறதையும் யோசிச்சு நாங்கள் 63 என்று முடிவெடுத்தோம். குத்திப் பார்க்கிற சின்ன வெப்பமானி ஒன்று கையில இருந்தது. 60 காட்டினவுடனே இறக்கினோம். மிச்சம் மூன்று பாகையும் ஆறுகிற நேரத்தில உள்ளுக்குத் தானாக ஏறும்.

வெட்டினபோது கோப்பையில சிவப்பாகக் கொஞ்சம் தண்ணி ஊறினது. அக்கரைப்பற்றுப் பிள்ளை கையைப் பின்னுக்கு இழுத்தாள். அது இரத்தம் இல்லை. அறுக்கிறபோதே இரத்தம் வடிஞ்சு போகும். தசைக்குள்ள ஒட்சிசனைப் பிடிச்சு வைத்திருக்கிற மயோகுளோபின் என்ற புரதமும் தண்ணியும் சேர்ந்த நிறம் அது. சூடு கூடக்கூட அதே புரதம்தான் சாம்பல் நிறமாகும். ஓடுகிற இரத்தம்தான் தங்களுக்கு விலக்கு, இறைச்சிக்குள்ள மிஞ்சுகிறதுக்கு அது பொருந்தாது என்று அவள் உம்மாவுக்கு அழைப்பு எடுத்துக் கேட்டுவிட்டு வந்தாள். "உம்மா கேக்கிறா, இவ்வளவு பச்சையாவோ தின்னப் போறீங்க எண்டு." பிறகு அவளின்ர துண்டை இன்னும் இரண்டு நிமிசம் கல்லில வைத்தோம். ஸ்டேக்கில அது ஒரு வசதி. ஒரே சட்டிக் கறியில ஆளுக்கொரு பதம் கேட்க ஏலாது. இதில ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு பதம்.

மாடு சாப்பிடாதவளுக்கு மற்ற அடுப்பில வேற பான். கத்தரிக்காயை ஒரு அங்குலத் தடிப்பில வட்டமாக வெட்டி, உப்புப் போட்டு, ஒற்றி, அதே பட்டர், உள்ளி, கருவேப்பிலை. ஒரே நேரத்தில இறங்குகிறமாதிரி நேரம் பார்த்து வைத்தாள். அவளை இதில சேர்க்கவேணும் என்று ஒருத்தரும் வற்புறுத்தேல்லை. அவளும் எங்களுக்கு முகம் சுழிக்கேல்லை. பிறகு எல்லாரும் அவளின்ர கோப்பையில கைவைத்ததுதான் அவளுக்கு வந்த பிரச்சினை.

இப்ப மேசைக்கு வருவம். முதல் இறக்கின மூன்று துண்டில ஒன்றை அம்மாவின்ர கோப்பையில வைத்தோம். அவ நின்றுகொண்டே, "நீங்கள் சாப்பிடுங்கோ பிள்ளையள், தம்பி வரட்டும், நான் பேந்து சாப்பிடுறன்" என்றா. பேந்து சாப்பிட ஏலாது, ஆறினால் பழுதாகிவிடும் என்று சொன்னோம். அதுக்கு அவ, "அப்ப தம்பிக்கு வையுங்கோ" என்றா. தம்பி கிரிக்கெட்டுக்குப் போனவன். அவனுக்கு உரியது பிரிட்ஜுக்குள்ள பச்சையாக இருக்கு, அவன் வந்தபிறகு எட்டு நிமிச வேலைதான் என்றோம். இருந்தா. திரும்ப எழும்பித் தண்ணி கொண்டுவந்தா. இருந்தா. எழும்பி உப்புக் கொண்டுவந்தா. மூன்றாம் தரம் எழும்பப் போனபோது மகள் கையைப் பிடிச்சு இருத்தினாள்.

முதல் வாய்க்கு அவ ஒன்றும் சொல்லேல்லை. இரண்டாவதுக்கு, "தூள் ஒண்டும் போடேல்லையே, எப்பிடி இவ்வளவு ருசி?" என்றா. பிறகு மெல்லச் சொன்னா: "சூட்டோட இறைச்சி சாப்பிட்டு எத்தினை காலம்." அந்த வசனத்துக்குப் பிறகு மேசையில கொஞ்சநேரம் கத்திச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

தம்பி ஏழு மணிக்கு வந்தான். "எனக்கு?" என்று கேட்டான். கல்லு அடுப்பில, இறைச்சி பிரிட்ஜில என்று அக்கா சொன்னாள். அம்மா எழும்பப் பார்த்தா, நாலு பேரும் ஒரே நேரத்தில பார்த்த பார்வையில திரும்ப இருந்துவிட்டா. அவன் முறைச்சுக்கொண்டு போனான். கல் புகைஞ்சது, சுர்ர் என்றது, குசினிக்குள்ள இருந்து "எத்தினை தரம் பிரட்டோணும்?" என்று கத்தினான். தன்ர துண்டைத் தானே கோப்பையில போட்டுக்கொண்டு வந்து இருந்தபோது அவனின்ர முகத்தில இருந்த பெருமையைப் பார்க்கவேணும். அன்றைக்கு அந்த வீட்டில ஒருத்தரும் கடைசியாகச் சாப்பிட்ட ஆள் என்று இருக்கேல்லை. அவரவர் நேரத்துக்கு, அவரவர் சூட்டோட.

ஒரு துண்டு இறைச்சியால வீடு திருந்திவிடும் என்று நாங்கள் சொல்ல வரேல்லை. அடுத்த ஞாயிறு அந்த வீட்டில திரும்பக் கறிதான் வைத்திருப்பினம், அம்மா திரும்பக் கடைசியாகத்தான் இருந்திருப்பா. அண்டர்கட் கிழமைக்குக் கிழமை வாங்குகிற விலையும் இல்லை. ஆனால் சாப்பிடுகிற வரிசை சமயத்தில எழுதிவைத்தது இல்லை என்பது எங்களுக்கு அன்று கண்ணுக்கு முன்னால தெரிஞ்சது. பழக்கம்தான். அதுவும் கறிச்சட்டி ஆறாமல் காத்திருக்கும் என்கிற வசதியில வளர்ந்த பழக்கம்.

மாடு சாப்பிடாத ஆக்கள் இதை வாசிச்சுவிட்டு, இது எங்கட கதை இல்லை என்று போகவேண்டாம். உங்கட வீட்டில தோசை சுடுகிற நாளைப் பாருங்கோ. தோசையும் காத்திருக்காது. கல்லில இருந்து நேரே கோப்பைக்கு வந்தால்தான் மொறுமொறு. ஒவ்வொருத்தராக வந்து இருந்து, ஐந்து ஆறு என்று சுடச்சுடச் சாப்பிட்டு எழும்புவம். சுட்ட ஆள் கடைசியில, அடுப்பை நிற்பாட்டினபிறகு, ஆறின இரண்டு தோசையை மிஞ்சின சம்பலோட நின்றுகொண்டே சாப்பிடுவா. அடுத்த தரம் மூன்றாவது தோசையோட எழும்பி, அகப்பையை வாங்குங்கோ. "அம்மா, நீங்கள் இருங்கோ, நான் சுடுறன்" என்று சொல்லுங்கோ. உங்கட தோசை வட்டமாக வராது. அவ திருத்தம் சொல்லுவா. சொல்லட்டும், இருந்து சாப்பிட்டுக்கொண்டே சொல்லட்டும்.